பிள்ளைகளோடு தமிழ்ப் படம் பார்ப்பது எப்படி: மொரீஷியஸிலிருந்து ஒரு தமிழ் வாத்தியாரம்மா

மொரீஷியஸ் அரசுப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை பிற்பகலில், கோவிலை ஒட்டிய மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய் தகப்பன்மார் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "மிஸ், தமிழ்ப் படம், பாட்டு, சீரியல் எல்லாம் பார்க்க விடலாமா? கெட்டுப்போய்விடுமா பிள்ளை?"

விடலாம். விடத்தான் வேண்டும். ஆனால் டிவியைப் போட்டுவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடக் கூடாது. அது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் வளரும் பிள்ளை, ஒருவன் பத்துப் பேரை அடித்துப் பறக்கவிடுவதைத் திரையில் பார்க்கும். வெளியே வந்தால் டீக்கடை, பஸ், பக்கத்து வீட்டு அக்கா, பள்ளிக்கூடம் என்று எல்லாமே தமிழில் நடக்கும். எது சினிமா, எது நிஜம் என்று தெருவே சொல்லிக்கொடுத்துவிடும். எங்கள் தீவுப் பிள்ளைக்கு அந்தத் தெரு இல்லை. வீட்டிலும் கடையிலும் பிரெஞ்சை ஒட்டிப் பிறந்த தீவு மொழியான கிரியோல். பள்ளியில் ஆங்கிலம், பிரெஞ்சு. தமிழ் இருப்பது பாடப் புத்தகத்தில், கோவிலில், அப்புறம் திரையில். முதல் இரண்டிலும் யாரும் சிரித்துப் பேசுவதில்லை, சண்டை போடுவதில்லை, பசிக்கிறது என்று சொல்வதில்லை. உயிரோடு பேசும் தமிழைப் பிள்ளை பார்ப்பது திரையில் மட்டும்தான். அதனால் சினிமா தரும் நன்மை எங்களுக்குத் தமிழ்நாட்டில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கெடுதலும் அப்படியே. திருத்துவதற்குத் தெரு இல்லாத இடத்தில் அந்தத் தெருவின் வேலையைப் பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும்.

முதல் வாரம் தடுக்காதீர்கள்

ஒரு வாரத்துக்கு எதையும் தடை செய்யாமல் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். இயர்போனைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கச் சொல்லுங்கள். என்ன படம், என்ன பாட்டு, யார் நடித்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அப்பா அம்மா தலையில் கை வைப்பது இந்தத் தாளைப் பார்த்துத்தான். பிள்ளை படம் பார்ப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது பார்த்ததெல்லாம் துண்டுகளாக இருக்கும். பாட்டில் அரை நிமிடம், சண்டையில் அரை நிமிடம், வடிவேலு அடிவாங்கும் ஓர் அரை நிமிடம்.

முழுப் படத்தில் அடித்தவன் ஏன் அடித்தான் என்பதற்கு ஒரு முன்கதை இருக்கும். அடிபட்டவன் வீட்டில் என்ன ஆயிற்று என்பதும் சில சமயம் வரும். துண்டில் முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. அடி மட்டும் தனியாக, இசையோடு, திரும்பத் திரும்ப ஓடும். என்னைக் கேட்டால் இன்றைய கெடுதலில் பாதி இந்தத் துண்டுபோடுதலில்தான் இருக்கிறது. அதனால் பிள்ளை ஒரு துண்டைக் காட்டிச் சிரித்தால், "இதற்கு முன்னால் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் அந்தப் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து முழுதாகப் பாருங்கள்.

ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்திவிடுங்கள். யூடியூபில் வீடியோவின் மேலேயே ஆட்டோபிளே என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும், அதை அணைத்தால் போதும். அடுத்து எதைப் பார்ப்பது என்பதைப் பிள்ளை தன் விரலால் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தாலே ஒரு நொடி நின்று யோசிக்கும். அந்த ஒரு நொடியில் நீங்கள் பேச்சுக் கொடுக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

சான்றிதழைப் பாருங்கள். இந்தியத் தணிக்கை வாரியம் 2024 முதல் யு/ஏ சான்றிதழை 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல் என்று பிரித்துத் தருகிறது. பழைய படங்களில் வெறும் யு/ஏ என்றுதான் இருக்கும், அதை நம்பிப் பத்து வயதுப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். நீங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மொழி கற்க முழுப் படம் வேண்டாம். பத்து நிமிடக் காட்சி போதும். நான் தேடுவது சாப்பாட்டு நேரம், பஸ் ஸ்டாண்டு, கடையில் பேரம், அம்மா மகன் பேச்சு, தாத்தா பேத்தி பேச்சு மாதிரியான காட்சிகள். கதாநாயகன் கேமராவைப் பார்த்து விடும் பஞ்ச் வசனம் பிள்ளைக்குப் பிடிக்கும். ஆனால் அதை எந்த வீட்டிலும் யாரும் பேச மாட்டார்கள், கற்றுக்கொண்டு பிரயோசனம் இல்லை.

பேசுகிறவரின் உதடும் குரலும் ஒன்றாக இருக்கிறதா என்று கவனியுங்கள். தமிழ்ப் படங்களில் பல கதாநாயகிகளுக்குத் தமிழ் தெரியாது. குரல் கொடுப்பவர் வேறொருவர். தமிழ் தெரிந்த நமக்கு இது உறுத்தாது. ஆனால் எங்கள் பிள்ளைகள் ஒலியைக் காதால் மட்டும் பிடிப்பதில்லை, வாயையும் பார்க்கிறார்கள். ழகரத்துக்கு நாக்கு எப்படி மடங்குகிறது என்று வாயைப் பார்த்துக் கற்க வேண்டிய பிள்ளைக்கு உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்றால் குழப்பம்தான். அதனால் குணச்சித்திர நடிகர்கள், நாடக மேடையிலிருந்து வந்தவர்கள், அம்மா அப்பா வேடக்காரர்கள் பேசும் காட்சிகளாகப் பார்த்து எடுப்பேன்.

வட்டார வழக்கிலும் ஒரு வார்த்தை. கோயம்புத்தூர்ப் பேச்சு, திருநெல்வேலிப் பேச்சு, சென்னைப் பேச்சு எல்லாம் அழகுதான், ஆனால் ஒரே மாதத்தில் மூன்றையும் காட்டினால் பிள்ளை எதையும் பிடிக்காது. ஒன்றை எடுத்துச் சில வாரம் அதிலேயே இருங்கள். 1950களின் படங்கள் மேடைத் தமிழில் இருக்கும். சின்னப் பிள்ளைக்கு அது தூரம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு அது பாடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் நிற்பதால் நன்றாகப் புரியும், உச்சரிப்பும் தெளிவு.

பிள்ளை பாதி கிரியோலும் பாதி தமிழுமாகப் பேசுகிறதே என்று வெட்கப்படும் பெற்றோருக்கு ஒரு செய்தி. முதல் தமிழ் பேசும் படம் என்று கொண்டாடப்படும் 1931ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' படத்தில் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். தமிழ் சினிமா வாய் திறந்ததே கலப்பில்தான். பிள்ளை கலந்து பேசட்டும், தானாகத் தெளியும்.

ஒரு காட்சியை எப்படி நடத்துவது

மண்டபத்தில் நான் செய்வதை அப்படியே சொல்கிறேன், வீட்டிலும் செய்யலாம். சமீபத்தில் எடுத்த காட்சி ரொம்பச் சின்னது. மகன் இரவு தாமதமாக வீட்டுக்கு வருகிறான். அம்மா கதவைத் திறக்கிறாள், கோபமாக இருக்கிறாள், ஆனால் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்றுதான். அவன் பசி இல்லை என்கிறான். அவள் தட்டை எடுத்து வைக்கிறாள்.

முதல் தடவை சப்டைட்டில் இல்லாமல் ஓடவிடுவேன். ஆங்கிலமோ பிரெஞ்சோ கீழே ஓடினால் கண் அங்கேயே நின்றுவிடும், காது மூடிக்கொள்ளும். "கி லி பே திர்?", என்ன சொல்கிறார் என்று கிரியோலில் சத்தம் வரும். நான் பதில் சொல்ல மாட்டேன். முகத்தையும் கையையும் பார்த்து நீங்களே சொல்லுங்கள் என்பேன். கிரியோலிலேயே சொல்லட்டும், பரவாயில்லை. அம்மாவுக்குக் கோபம் என்று ஒருவன் சொன்னான். இல்லை, பயம் என்றாள் ஒரு பெண். கோபமா பயமா என்று மண்டபமே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. கதை பிடித்துவிட்டது, இனி சொல் தானாக ஒட்டும்.

அப்புறம் அந்தக் காட்சியின் எட்டு வரியைப் பெரிய தாளில் தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவேன். நடிகர் சொன்னபடியே, "சாப்ட்டியா?", "எங்கடா போன?", "வர்றேன்னு சொன்னல்ல?" என்று. பள்ளிப் புத்தகத்தில் இதுவே சாப்பிட்டாயா, எங்கே போனாய் என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். எது சரி, எது தப்பு என்று பேச்சை எடுக்காதீர்கள். வீட்டில் இது, பரீட்சைத் தாளில் அது, இரண்டும் நம்முடையது என்று சொன்னால் போதும். பேசும் தமிழைக் கொச்சை என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் பல தலைமுறைப் பிள்ளைகளின் வாயை அடைத்துவிட்டோம் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாம் தடவை சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். மூன்றாம் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பிள்ளைகளே குரல் கொடுக்க வேண்டும். பல நாளாக வகுப்பில் வாயே திறக்காத ஒரு சின்னப் பெண் அன்று அம்மாவாகக் குரல் கொடுத்தாள். மூன்றாவது வரியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தாளில் இல்லாத ஒரு வார்த்தையைத் தானாகச் சேர்த்தாள்: "சோறு ஆறிடுச்சு, போ." யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேறெங்கோ கேட்டது, தேவைப்பட்ட இடத்தில் வந்து விழுந்தது. ஒரு பிள்ளை மொழியைத் தனதாக்கிக்கொள்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இப்படி ஒரு மத்தியானம் அவர்களோடு இருந்து பாருங்கள்.

வீட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள் என்றால் நீங்கள் மகனாக நடியுங்கள், பிள்ளை அம்மாவாக நடிக்கட்டும். உங்களைத் திட்டும் வாய்ப்பை எந்தப் பிள்ளையும் விடாது.

பாட்டு

படத்தைவிடப் பாட்டு நல்லது. சின்னது, திரும்பத் திரும்பக் கேட்பார்கள், மனப்பாடமாகிவிடும். பாட்டைக் கேட்டுக்கொண்டே அதன் வரிகளை அதே மொழியில் திரையில் படித்தால் வாசிப்பு வளரும் என்பதை இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி என்பவர் 1990களிலிருந்து வலியுறுத்தி, தொலைக்காட்சித் திரைப்பாடல் நிகழ்ச்சிகளில் செய்தும் காட்டினார். குஜராத்தியிலும் இந்தியிலும் நடந்த அந்த முறை தமிழுக்கும் அப்படியே பொருந்தும். யூடியூபில் பாடல் வரிகளோடு வரும் வீடியோக்களில் தமிழ் எழுத்து உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தை 0.75க்குக் குறையுங்கள். பிள்ளை விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே பாடட்டும்.

தமிழ் எழுத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் கோவில்களில் காவடிப் பாட்டு நோட்டைத் திறந்தால் பல நோட்டுகளில் முருகன் பாட்டு ரோமன் எழுத்தில், பிரெஞ்சு உச்சரிப்புக்குத் தக்கபடி எழுதியிருக்கும். பக்திக்குக் குறைவில்லை, ஆனால் எழுத்து போய்விட்டது. எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் மொழிகளின் வரிசையை மாற்றித் தமிழைக் கீழே தள்ளி அச்சிட்டபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவ்வளவு பாடுபட்டுக் காத்த எழுத்தை நம் பிள்ளை படிக்க முடியாமல் போவது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். அதற்கு ஒரு சினிமாப் பாட்டு உதவுகிறது என்றால் இரு கைகூப்பி வரவேற்பேன்.

எந்தப் பாட்டைக் கொடுப்பது? ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். வரிகளை மெட்டில்லாமல், சாதாரணமாகப் பேசுவதுபோல் உரக்க வாசித்துப் பாருங்கள். மெட்டு பல அசிங்கத்தை மறைத்துவிடும். ஆடிக்கொண்டே கேட்டபோது தெரியாத இரட்டை அர்த்தம், பெண்ணைச் சரக்கோடு சேர்த்துப் பேசும் வரி, எல்லாம் வாசிக்கும்போது பளிச்சென்று தெரியும். வாசிக்க நா கூசினால் அந்தப் பாட்டு வேண்டாம். நன்றாக வாசிக்க வந்தால் எந்தக் குத்துப்பாட்டாக இருந்தாலும் சரி, கொடுங்கள். டப்பாங்குத்து என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பறையும் உறுமியும் ஒலிக்கும் பாட்டு, நம் முன்னோர் காதில் விழுந்த அதே தாளத்தைப் பிள்ளையின் காலுக்குக் கொண்டுவருகிறது.

2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு உலகமெங்கும் ஓடியது, எங்கள் பிள்ளைகளும் ஆடித் தீர்த்தார்கள். அதை எழுதிப் பாடிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அதை எடுத்தார். இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். சொந்த நிலம் இல்லாதவர்கள் கடல் தாண்டிப் போய் மற்றவர் தோட்டத்தில் வேர்வை சிந்திய கதை என்றேன். "நு ஓசி?", நாமுமா, என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்காகவே அந்தப் பாட்டுக்கு நான் கடன்பட்டவள். தலைநகர் போர்ட் லூயிஸில் இருக்கும் 'ஆப்ரவாசி காட்' என்ற பழைய துறைக்குக் கூட்டிப்போனோம். 1834 முதல் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து வந்திறங்கிய துறை அது, 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அவர்கள் ஏறிய பதினாறு கற்படிகள் இன்னும் இருக்கின்றன. பாட்டில் தேயிலை, இங்கே கரும்பு என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொன்னார்கள். வரலாற்றுப் பாடத்தில் பலமுறை சொல்லியும் மண்டையில் ஏறாதது அன்றைக்கு ஏறியது.

உங்கள் ஊரில் ஆப்ரவாசி காட் இல்லாவிட்டால் பழைய சர்க்கரை ஆலைப் புகைபோக்கி இருக்கும், ரயில் பாதை இருக்கும், தோட்டத்துக் கோவில் இருக்கும். பாட்டை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள்.

எங்கே நிறுத்திப் பேச வேண்டும்

கெடுதலுக்கு வருகிறேன். மறைப்பதைவிட ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்துவதே மேல். மறைத்ததைப் பிள்ளை நண்பன் வீட்டில் பார்க்கும், அங்கே நிறுத்திப் பேச ஆள் இருக்காது.

நிறம். இதுதான் என் மனத்தை அதிகம் வருத்துவது. நாயகி வெள்ளையாக இருப்பாள். கேலிக்கு ஆளாகும் பெண் கறுப்பாக இருப்பாள், அவள் வந்ததும் ஒரு கோமாளி இசை. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் கறுப்பு. இந்தத் தீவிலோ நிறத்துக்கு ஏற்கனவே ஒரு நீண்ட, கசப்பான தோட்டக் காலத்து வரலாறு இருக்கிறது. அதன்மேல் நம் சொந்த மொழியே வந்து, உன் நிறம் சிரிப்புக்குரியது என்று சொன்னால் பிள்ளை எங்கே போய் ஒதுங்கும்? பேருரை வேண்டாம். காட்சியை நிறுத்துங்கள். "இந்தப் படத்தில் யார் யார் கறுப்பு? அவர்களுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள்?" என்று எண்ணச் சொல்லுங்கள். அடியாள், வேலைக்காரி, நகைச்சுவை நடிகர் என்று பிள்ளையே பட்டியல் போடும். போட்டு முடித்ததும் ஒரு மௌனம் வரும். அப்போது சொல்லுங்கள்: 1975 முதல் இந்தியாவில் விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம் 2020இல் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டது. மக்கள் கேள்வி கேட்டதால் நடந்தது. கேள்வி கேட்டால் பெரிய கம்பெனியும் மாறும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கறுப்பான கதாநாயகர்கள் தமிழ்ப் படத்தில் நிறையப் பேர் உண்டு, அதையும் சொல்லுங்கள். நாயகர்கள் கறுப்பாக இருக்கலாம், நாயகி மட்டும் ஏன் கூடாது என்ற அடுத்த கேள்வியை என் பேத்திதான் கேட்டாள்.

அப்புறம் காதல். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைப் பஸ்ஸிலும் தெருவிலும் விடாமல் துரத்தினால் கடைசியில் அவள் சிரித்துவிடுவாள் என்று நூறு படங்கள் சொல்லியிருக்கின்றன. இதற்கு எதிராகத் தமிழ்நாட்டிலேயே பெண்கள் குரல் எழுப்பியிருக்கிறார்கள். ஆண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது இதைப் பேசிவிடுங்கள். அப்பா பேசினால் ரொம்ப நல்லது. காட்சியை நிறுத்தி, "உன் தங்கச்சியை ஒருவன் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து வீடு வரை இப்படிப் பின்தொடர்ந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்கச் சொல்லுங்கள். பெண்பிள்ளைக்கும் சொல்ல வேண்டும்: இது காதல் இல்லை, இப்படி யாராவது செய்தால் உடனே வீட்டில் சொல்.

சாதிப் பெருமை பேசும் படங்களைப் பற்றிக் கொஞ்சம். என் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாது. படம் பார்த்துவிட்டுத்தான் "நாம் என்ன சாதி?" என்று கேட்கிறார்கள். நாம் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்காமல் விட்ட ஒன்றை மீசை முறுக்கும் ஒரு பாட்டு கொண்டுவந்து வாசலில் வைக்கிறது. அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள், மழுப்பாதீர்கள். அது மனிதர்களை மேல் கீழ் என்று பிரித்த முறை, தவறானது, இந்த வீட்டில் அதற்கு இடமில்லை.

குடி, சிகரெட் காட்சிகளில் திரையின் கீழே எச்சரிக்கை வாசகம் தமிழில் ஓடும். வரும்போதெல்லாம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பயிற்சியும் ஆயிற்று. உடல் பருமனை, வழுக்கையை, திக்குவாயைக் கேலி செய்யும் நகைச்சுவைக்கு நான் சிரிப்பதில்லை. பெரியவர் சிரிக்காவிட்டால் பிள்ளை கவனித்துவிடும், தனியாகப் பாடம் வேண்டாம்.

சீரியல்களில் மொழி நல்லது. நிதானமாகப் பேசுவார்கள், ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்வார்கள், புதிதாகக் கற்பவருக்கு அதைவிட என்ன வேண்டும்? கதைதான் விஷம். காலைக் காப்பி, கோலம், கல்யாணப் பேச்சு வரும் பகுதியை மட்டும் எடுங்கள். மருமகளுக்கு எதிராகத் திட்டம் போடும் பகுதி வந்தால் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

நம் தீவின் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

தமிழைக் காப்பாற்றுகிறேன் என்று செகாவை ஒதுக்கும் வீடுகளும் இருக்கின்றன. வேண்டாம். அடிமைகள் நெருப்பருகே ரவான் மேளத்தைச் சூடேற்றிப் பாடிய பாட்டு அது. மேட்டுக்குடியினர் பல காலம் அதை இழிவாக நினைத்தார்கள். 1964இல் லெ மோர்னில் நடந்த செகா இரவில் பாடகர் தி ஃப்ரேருக்குச் செகா அரசர் என்று முடி சூட்டினார்கள். 2014இல் யுனெஸ்கோ மொரீஷியஸின் பாரம்பரியச் செகாவைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்தில் தெருப்பாட்டு என்று ஒதுக்கியது நாட்டின் சொத்தாகிவிட்டது. இன்றைய பிள்ளைகளின் பாட்டைக் கேட்டதும் குப்பை என்று தீர்ப்பெழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே செகாவை ஹோட்டல் விருந்தாளிகளுக்காகப் பாவாடையும் புன்னகையும் மட்டுமாகச் சுருக்கியதும் நடந்திருக்கிறது. எது பாட்டு, எது விற்பனைக்காகச் சுருக்கிய பாட்டு என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைக்குச் செகாவிலேயே சொல்லிக்கொடுக்கலாம், அப்புறம் சினிமாப் பாட்டிலும் அந்தக் கண் வந்துவிடும்.

என் பிள்ளைகள் ரவான் தாளத்தில் தமிழ் வரிகள் கட்டுகிறார்கள். தால் பூரிக் கடை வரிசையைப் பற்றி ஒன்று, மழை நாளில் பள்ளி விடுமுறை விடாததைப் பற்றி ஒன்று. இலக்கணப் பிழை இருக்கும். நான் பாட்டு முடிந்த மறுவாரம்தான் திருத்துவேன். வீடியோ எடுக்க ஆசைப்படுவார்கள். எடுக்கட்டும், ஆனால் குடும்பத்துக்குள் மட்டும். முகம் தெரியும் வீடியோவை எல்லோரும் பார்க்கும்படி போடக் கூடாது.

தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கினால் பத்து நாளும் சினிமாப் பாட்டை நிறுத்திவைக்கும் வீடுகள் உண்டு, எங்கள் வீடும் அப்படித்தான். அந்த நாட்களில் காவடிச் சிந்து பாடுங்கள். துள்ளலுக்கு அதில் குறைவே இல்லை, பிள்ளைகள் சினிமாவைத் தேட மாட்டார்கள். ஊர்வலத்தில் சினிமா மெட்டில் பாடுவது எனக்குச் சம்மதமில்லை. அலகு குத்தி நடப்பவர் தன் வேண்டுதலை நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் காதில் ஒரு கதாநாயகனின் முகத்தைக் கொண்டுவரும் மெட்டு வேண்டாமே.

பதின்மூன்று வயதுக்கு மேல்

இந்த வயதில் ரிமோட் உங்கள் கையில் இருக்காது. அதனால் மாற்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அவர்கள் விரும்பும் கொரியத் தொடரோ பாட்டோ ஒன்றை நீங்கள் முழுதாக, முகம் சுளிக்காமல் பாருங்கள். அதற்குப் பதிலாக நீங்கள் தேர்ந்தெடுத்த தமிழ்ப் படம் ஒன்றை அவர்கள் பார்க்க வேண்டும். பார்த்த பின் இருவரும் பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை சொல்வதை வெட்டிப் பேசாதீர்கள்.

கொஞ்சம் தமிழ் வந்த பெரிய பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வேலை, ஒரு தமிழ்க் காட்சிக்குக் கிரியோலில் சப்டைட்டில் எழுதுவது. கிரியோல் 2012 முதல் ஆரம்பப் பள்ளிகளில் பாடமாக இருக்கிறது, எழுதத் தெரிந்த பிள்ளைகள் நிறைய. ஐந்து நிமிடக் காட்சி போதும். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் திரையில் வரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டுப்பாட்டால் வசனத்தின் சாரம் எது என்று தேட வேண்டிவரும். பெயர்களையும் சாப்பாட்டுப் பெயர்களையும் அப்படியே விடட்டும். ரசத்தை நாம் இன்னும் ரசோன் என்றுதான் சொல்கிறோம், விளக்கம் தேவையில்லை. முடித்ததும் தமிழ் புரியாத தாத்தா பாட்டி யாருக்காவது போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் எங்கெங்கே புரியவில்லை என்கிறார்களோ, அந்த வரிகளைப் பிள்ளை மறுபடி எழுத வேண்டும்.